கிராக்கோவில் இலகு நடை

அத்தியாயம் 9

"அன்ரி, சீற் பெல்ற்றை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதேங்கோ. அது றொமேஷின்ர கழுத்தில்லை" என்றான் யுவனேஸ்வரன்.

மரியநாயகி கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். வெளியே மழை. கார் ஒரு சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த சிவப்பு விளக்குக்கு ஊர்ந்து வெஸ்ட் ஈலிங் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் நீலவேணி தொலைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

நீலவேணி ஈப்போவில் பிறந்தவள். படிக்க வந்த லண்டனிலேயே தங்கிவிட்டவள். காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்யர்களை மோப்பம் பிடித்துச் சம்பளம் வாங்கியவள், இப்போது வெம்பிளியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். யுவனேஸ்வரன் அவளுக்குச் சாரதி, உதவியாளன், தேவைப்படாத நேரத்திலும் வாய்.

முதல் நாள் அவளுடைய அலுவலகத்தில் மரியநாயகி சொன்னது ஒரே வசனம்தான். "அவன் முழங்காலில நிக்கிறதை நான் பார்க்க வேணும்." அதற்கு நீலவேணி, "உண்மையைக் கண்டுபிடிக்கிறது என் வேலை. முழங்காலை நீங்க பார்த்துக்குங்க அக்கா" என்றாள். அந்தப் பதில் பிடித்துப்போய்த்தான் மரியநாயகி வழக்கை ஒப்படைத்தாள்.

நடந்தது இதுதான். வசந்த காலத்தில் டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் போலந்திலுள்ள கிராக்கோ நகரத்துக்கு யாத்திரை போனார்கள். அங்கே இறை இரக்கத் திருத்தலத்தில் வைப்பதற்கென்று பங்கிலுள்ள பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பொன் கொடுத்து ஒரு சங்கிலி செய்திருந்தார்கள். ஒருத்தி காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இன்னொருத்தி இறந்துபோன பிள்ளையின் அரைஞாண் மணிகளைக் கொடுத்தாள். அப்படிச் சேர்ந்த சங்கிலி. மாதா சபைத் தலைவி என்ற முறையில் அது மரியநாயகியின் பொறுப்பில், அவளுடைய ஹோட்டல் அறையில், ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது.

இரண்டாம் நாள், கால் பலமுள்ளவர்கள் உப்புச் சுரங்கம் பார்க்கப் போனார்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் எல்லாரும் றொமேஷுடன் 'இலகு நடை' போனார்கள். றொமேஷின் தொழிலே அதுதான். பழைய நகரங்களில் படி ஏறாமல், மூச்சு வாங்காமல், இருந்து ஆற வாங்கும் கழிப்பறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி வழி அமைத்து வயதானவர்களைக் கூட்டிப்போவான். கிராக்கோவின் பழைய பட்டினத்தைச் சுற்றி முன்னொரு காலம் மதில் இருந்ததாம். மதிலை இடித்த இடத்தில் இப்போது வட்டமாக ஒரு பூங்கா, நிழல், தட்டையான பாதை. அதைச் சுற்றி வருவதுதான் அன்றைய நடை. முன்னால் வழிகாட்டியின் மஞ்சள் குடை, எல்லார் காதிலும் ஒரு சின்னக் கருவி. றொமேஷ் வரிசையில் எங்கே நின்று பேசினாலும் குரல் காதுக்குள் வந்துவிடும். வயதானவர்கள் தொலைத்துவிடக் கூடாதென்று எல்லாருடைய அறைச் சாவிகளையும் காலையிலேயே வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் அவன் வழக்கம்.

மரியநாயகிக்கு அன்று முழங்கால் வீங்கிவிட்டது. முதல் வாங்கிலேயே உட்கார்ந்து, கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் செபமாலை சொன்னாள். மாலையில் பெட்டியைத் திறந்தால் வெறும் பஞ்சு.

யார் எடுத்திருக்கலாம்? நடந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். றொமேஷா? அவனுடைய குரல் முழு நேரமும் அத்தனை பேர் காதிலும் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தை விட்டுத் தனியே இருந்தவள் ஒருத்திதான். அவள் வாங்கில் இருந்து செபமாலை சொன்னதற்குச் சாட்சி கேட்டால் யாரைக் கூப்பிடுவது, மாதாவையா?

அதற்குப் பிறகு பூசை முடிந்து தேநீருக்கு அவள் பொரித்துக் கொண்டுபோகும் றோல்ஸ் தொடப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தன. அதைப் பொறுத்துக்கொண்டாள். வருகிற ஞாயிறு பங்கு மண்டபத்தில், சபையிலிருந்து அவளை நீக்குவதாக எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி வாசிக்கப்போகிறார்கள். அதையும்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு நாள் சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே மகள் ஜெனோஜா கேட்டாள்: "அம்மா, ஒனெஸ்ற்லி, நீங்கள் எடுக்கேல்லைத்தானே?" அந்தத் 'தானே'யை மரியநாயகியால் விழுங்க முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே றொமேஷை உயிரோடு உரிக்க வேண்டும் என்றிருந்தது. ஏனென்றால் பெட்டிக்கு அறைச் சாவி வேண்டும், சாவி இருந்தது அவனிடம். அவன்தான் என்று அவளுடைய எலும்புக்குத் தெரியும். எலும்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதுதான் பிரச்சினை.

"பங்கு வாட்ஸ்அப்ல வந்த படத்தையெல்லாம் பார்த்துட்டேன்" என்றாள் நீலவேணி திடீரென்று. "நடைப் படம் ஒண்ணுலயும் றொமேஷ் இல்லை."

"படம் எடுத்தது அவனாக்கும்" என்றான் யுவனேஸ்வரன்.

"எல்லாரும்தான் எடுத்திருக்காங்க. சரி, முன்னால மஞ்சள் குடையைத் தூக்கிட்டுப் போறது யாரு அக்கா?"

மரியநாயகி எட்டிப் பார்த்தாள். "கோதை. என்ர பக்கத்து வீடு. சைவக்காரி, ஆனால் மாதாவிட்டயும் வருவா. நான்தான் அவவை யாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான்." குரல் கசந்தது. "இப்ப என்ர வாசல் பக்கமும் எட்டிப் பாக்கிறேல்லை."

"வழிகாட்டியோட குடை வழிகாட்டி கையில இல்லைன்னா, வழியைக் காட்டினது யாரு? இன்னிக்கு அதை மட்டும் கேட்போம்."

"வெள்ளிக்கிழமை, கோதை அன்ரி அம்மனிட்டத்தான் நிப்பா" என்று அடுத்த தெருவில் திரும்பி, கோவிலுக்கு முன்னால் காரை நடைபாதையோரம் ஒதுக்கினான் யுவனேஸ்வரன். "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் காலமை மீன் சாப்பிட்டிட்டன். அம்மனுக்குத் தெரியாமல் இருந்தாலும் என்ர அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

கனக துர்க்கை அம்மன் கோவிலுக்குள் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஈரக் காலுறையைச் சப்பாத்துக்குள் திணித்துவிட்டு மரியநாயகி வெறுங்காலோடு உள்ளே போனாள். கலியாண வீடுகளுக்காக ஓரிரு தடவை வந்ததோடு சரி. மூலஸ்தானத்தின் வலது பக்கம் கோதை சுற்றி வருவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் போய்ப் பிடிக்க மரியநாயகிக்குப் பொறுமை இல்லை. எதிர்ப்பக்கமாகவே விறுவிறுவென்று நடந்து, முகத்துக்கு முகம் முட்டுகிற மாதிரிப் போய் நின்றாள்.

"ஐயோ அக்கா, அந்தப் பக்கமா வராதேங்கோ!" கோதை பதறிப்போய் அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இப்பிடி, இப்பிடி. வலமாச் சுத்த வேணும்."

"ஊரெல்லாம் என்னைக் கள்ளி எண்டுது. நீர் எனக்குச் சுத்துற பக்கம் சொல்லித் தாறீரோ?"

"சுத்து முடியட்டும். கதைக்கிறன்" என்றாள் கோதை தலையைக் குனிந்துகொண்டு. வேறு வழியில்லாமல் கோபத்தையும் சுமந்துகொண்டு மரியநாயகி கூடவே சுற்றினாள். நீலவேணி பின்னால் வந்தாள்.

சுற்று முடிந்ததும் மண்டபத்து மூலையில் கடதாசிக் கிண்ணங்களில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்தார்கள்.

"குடை எப்படி உங்க கைக்கு வந்துச்சும்மா?" என்று நீலவேணி ஆரம்பித்தாள்.

"றொமேஷ் தம்பிக்குத் தோள்மூட்டு நோவாம். குடையையும் தன்ர பையையும் என்னட்டத் தந்தவர். 'அக்கா, நீங்கள் முன்னால நடவுங்கோ, நான் கடைசியா வாறன், ஆரும் விழுந்துபோடக் கூடாது' எண்டார்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"ஆர் கேட்டவை? கூட்டத்தை விட்டுப் போனது ஆர் எண்டுதான் கேட்டவை. தம்பிதான் முழுக்கக் காதுக்குள்ள கதைச்சுக்கொண்டு வந்தாரே."

"வழி தெரியுமா உங்களுக்கு?"

"அதில என்ன வழி? வட்டப் பூங்கா. நடந்தால் துவங்கின இடத்துக்கே வரும் எண்டார். நடந்தன்."

"எந்தப் பக்கமா நடந்தீங்க?"

எந்தக் கையால் சாப்பிடுகிறாய் என்று கேட்டதுபோல் கோதை அவளைப் பார்த்தாள். "நடுவில பழைய பட்டினம். அதுக்குள்ள எத்தினை கோயில், எத்தினை மாதா. அதை இடமாச் சுத்துறதோ? வலமாத்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

நீலவேணியின் கரண்டி பாதியில் நின்றது. "அப்படிப் போகச் சொல்லி றொமேஷ் சொன்னாரா?"

"இல்லை. இதையும் ஒருத்தர் சொல்லித் தர வேணுமோ?"

"போற வழியில முதல்ல வந்த பெரிய கட்டடம் எது?"

"கோட்டை. ராசாக்கள் முடிசூடின கோட்டை. 'கொஞ்சம் நிண்டு பாருங்கோ' எண்டு அவர்தானே காதுக்குள்ள சொன்னவர்."

நீலவேணி தொலைபேசியை நீட்டினாள். செங்கல்லில் கட்டிய வட்டமான கட்டடம், கூரையில் கூர்கூராகச் சின்னக் கோபுரங்கள். "இதுவா?"

"ஓம், இதுதான் கோட்டை. இதிலதான் எல்லாரும் படம் எடுத்தவை."

நீலவேணி தொலைபேசியை மூடி வைத்தாள். பிறகு மிச்சப் பொங்கலை முந்திரிகைப் பருப்புவரை வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் பசியும் வரும் என்று யுவனேஸ்வரன் முன்பே சொல்லியிருந்தான். மரியநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சல்தான் ஏறியது.

எழும்பும்போது கோதை அவளுடைய கையைப் பிடித்தாள். "அக்கா, நான் உங்களை நம்பாமல் இருக்கேல்லை."

"நம்பினீர் எண்டால் ஒருக்கா வந்து கதவைத் தட்டியிருக்கலாம்." மரியநாயகி கையை உருவிக்கொண்டு நடந்தாள்.

காருக்குள் யுவனேஸ்வரன் பார்க்கிங் அபராதக்காரனுடன் நடத்திய போரை விவரிக்கத் தொடங்கினான். நீலவேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல றொமேஷுக்கு என்ன வேலை அக்கா?"

"அடுத்த யாத்திரைக்கு ஆள் பிடிக்கிறான். படம் போட்டுக் காட்டுவான். அது முடியத்தான் என்ர பேரை வாசிக்கினம்."

"நல்லதாப் போச்சு. நீங்க ஒரே ஒரு கேள்வி கேட்கணும். கத்தக் கூடாது. ஒண்ணும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்கணும்."

"நான் கத்த வேணும்! இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதாதோ?"

"கத்தினா அவன் உஷாராயிடுவான். நீங்க முட்டாளாத் தெரிஞ்சா அவனே வாயைத் திறப்பான்."

"திறப்பான் அன்ரி" என்றான் யுவனேஸ்வரன். "ஒருக்கா என்ர காரில ஏறினவன், சட்நாவ் சொன்ன வழி பிழை எண்டு ஹீத்ரோ போய்ச் சேருமட்டும் எனக்கு வகுப்பெடுத்தவன். பிளேனையும் விட்டவன். ஆனால் வழி சரி எண்டு நிரூபிச்சுப்போட்டுத்தான் விட்டவன்."

மரியநாயகி அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது.

ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. தேநீர் ஆவியும் ஈரக் கோட்டு வாசனையும். மரியநாயகி பக்கவாட்டு வரிசையில் இருந்தாள், பக்கத்து இரண்டு கதிரைகளும் காலி. கடைசி வரிசையில் ஜெனோஜா, தாயின் கண்ணில் படாத மாதிரி. படம் காட்டும் கருவிப் பக்கம் யுவனேஸ்வரன் உதவி செய்கிறவன்போல் போய் ஒட்டிக்கொண்டான்.

றொமேஷ் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நின்றான். பேச்சு தேன். சதுக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகிற ராசபாட்டையில் கல் பாவிய இடத்தில் சக்கர நாற்காலி குலுங்கும், ஆகையால் ஓர நடைபாதையால் கூட்டிப்போவான். மாதா கோவில் கோபுரத்தில் மணிக்கொரு தடவை எக்காளம் ஊதி, இராகத்தைப் பாதியிலேயே அறுத்துவிடுவார்கள், அதை எந்த வாங்கில் இருந்து கேட்டால் சுகமென்று சொன்னான். ஆற்றங்கரையில் எங்கே தட்டை, எங்கே சரிவு, எல்லாம் விரல் நுனியில். உண்மையைச் சொன்னால், வேலையில் மன்னன். அதுதான் மரியநாயகிக்குப் பொறுக்கவில்லை.

"கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றான்.

மரியநாயகி எழுந்தாள்.

"தம்பி றொமேஷ், நான் அண்டைக்கு வாங்கில இருந்திட்டன். ஒண்டும் பார்க்கேல்லை." திரைப் பக்கம் கையை நீட்டினாள். "இதுதானே அந்த ராசாக்களின்ர கோட்டை?"

யுவனேஸ்வரன் பொத்தானை அழுத்தினான். திரையில் பங்குச் சபைத் தலைவர் றெஜினோல்டும் மனைவியும் பல்லைக் காட்டிக்கொண்டு, பின்னால் அந்தச் செங்கல் வட்டக் கட்டடம்.

றொமேஷ் சிரித்தான். முழு மண்டபத்தையும் சிரிக்கக் கூப்பிடுகிற சிரிப்பு. "அக்கா, கோட்டை தெற்கால, ஆத்தங்கரை மேட்டில இருக்கு. இது வடக்கு வாசல் காவல் கொத்தளம். ரெண்டுக்கும் நடுவில முழுப் பட்டினமும் கிடக்கு! எந்த விசரன் உங்களுக்கு இதைக் கோட்டை எண்டு சொன்னது?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

றெஜினோல்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி" என்றார் மெதுவாக, "நீர்தானே சொன்னீர்."

"ஓம், காதுக்குள்ள சொன்னீங்கள்" என்றாள் ஒருத்தி. "கோட்டை எண்டுதானே நான் கனடாவுக்குப் படம் அனுப்பினனான்!" என்று இன்னொருத்தி கொதித்தாள். 'ஓம் ஓம்' என்று வரிசை வரிசையாகக் குரல் எழும்பியது.

றொமேஷின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுந்தது. "வாய்... வாய் தவறியிருக்கும்."

"தவறலாம்" என்று நீலவேணி முன்னால் வந்தாள். "ஆனா நிஜக் கோட்டைக்குக் கீழே நின்னப்போ, 'இந்தாங்கோ வட்டமான காவல் கொத்தளம்'னு குரல் சொல்லிச்சாமே? நேத்து உங்கள்ல பல பேரைப் போன்ல கேட்டேன். மேட்டு மேல வட்டமா எதையும் காணோம், கண்ணாடி மாத்தணும்னு நினைச்சாராம் ஒருத்தர்."

"அது நான்தான்" என்று ஒரு முதியவர் கை தூக்கினார்.

"றொமேஷ் வழக்கமா இடப்பக்கமாத்தான் சுத்துவார். முதல்ல கோட்டை, பிறகு கொத்தளம். அந்த வரிசையில முன்னாடியே பேசிப் பதிவு பண்ணி, மைக்கோட பையில ஓட விட்டு, பையைக் கோதை அம்மா தோள்ல மாட்டிட்டார். கேள்வியெல்லாம் கடைசியில, தேத்தண்ணி குடிக்கும்போதுன்னு சொல்லிட்டார். எல்லாம் சரியாத்தான் யோசிச்சார். ஒண்ணைத் தவிர. நடுவுல இத்தனை கோயில் இருக்கிற ஊரை ஒரு சைவக்கார அம்மா எந்தப் பக்கமாச் சுத்துவாங்கன்னு அவருக்குத் தெரியலை." அவள் றொமேஷின் பக்கம் திரும்பினாள். "நீங்க அங்க இருந்திருந்தா, முதல் அடியிலயே 'அக்கா, மற்றப் பக்கம்'னு கத்தியிருப்பீங்க. வழி தப்பினா உங்களால பொறுக்க முடியாதே. நீங்க இல்லை. எல்லா அறைச் சாவியும் உங்க சட்டைப்பையில. எங்க போனீங்க?"

"எல்லார் காதிலயும் இருந்தவர், ஒருத்தர் கண்ணிலயும் இல்லை" என்றான் யுவனேஸ்வரன். "யாத்திரையில நடந்த ஒரே அற்புதம்."

றொமேஷ் வாசலைப் பார்த்தான். வாசலில் குடையோடு கோதை நின்றாள். "நான் திருப்பி வைக்கத்தான் இருந்தனான்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவனுக்கே உறைத்தது. "வீட்டிலதான் இருக்கு, சத்தியமா. அக்கா, என்னை நாசமாக்கிப் போடாதேங்கோ அக்கா." தடுமாறி வந்து மரியநாயகியின் முன்னால் முழங்காலில் விழுந்தான்.

இந்தக் காட்சியை அவள் எத்தனையோ நாள் படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்திருக்கிறாள். நேரில் பார்க்க இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

"எழும்பாதை" என்றாள். "நான் சொல்லுமட்டும் எழும்பாதை. றெஜினோல்ட் அண்ணை, என்ர பேரைச் சொல்ல வைச்சிருந்த மைக்கை எடுங்கோ. இவன்ர பேரைச் சொல்லுங்கோ."

"பிள்ளைகுட்டிக்காரன், மரியநாயகி. உள்ளுக்குள்ள பேசித் தீர்ப்பம்" என்றார் றெஜினோல்ட்.

"எனக்கு அந்த உள்ளுக்குள்ள எங்க போனது அண்ணை?"

அவர் மைக்கை எடுத்தார். முழுப் பெயரையும், அவன் எடுத்தது என்னவென்றும், யார்மீது பழி போட்டான் என்றும் சொன்னார். மண்டபத்தில் இரண்டு மூன்று பெண்கள் அழுதார்கள். அரைஞாண் மணி கொடுத்தவள் அழவில்லை. எழுந்து வந்து றொமேஷை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஜெனோஜா ஓடி வந்தாள். கண் மை கன்னத்தில் கரைந்திருந்தது.

"சொறி அம்மா. ரியலி, ரியலி சொறி." தாயின் கையைப் பிடித்தாள். "போதும் அம்மா, இவரை விடுங்கோ. மன்னிச்சிடுங்கோ எல்லாரையும்."

மரியநாயகி காலடியில் கிடந்தவனைப் பார்த்தாள். அவன்மேல் எரிந்த நெருப்பைத் தேடிப் பார்த்தாள், அது முக்கால்வாசி அணைந்திருந்தது. "எழும்பிப் போ. போய்ச் சங்கிலியைக் கொண்டு வா" என்றாள் அவனிடம், அலுத்துப்போன குரலில்.

பிறகு மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

"அவனை மன்னிக்கலாம் பிள்ளை. அவன் நான் பெத்த பிள்ளை இல்லை."